தரையிலிருந்து ஒரு சாண்

பூங்குழலி குளியலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். தலைக்குத் துண்டு வைப்பதில்லை. விழுகிறவர்கள் துண்டு போட்டுக்கொண்டா விழுகிறார்கள் என்பது அவர் கேள்வி. இடது கையை முதுகுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்கிறார். அது ஒடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டும். வலது கையை மட்டும் மெதுவாக நீட்டுகிறார். விரல் நுனி சுவரில் எங்கே தொடுகிறதோ அங்கே, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு கோடு. பிறகு ஒருக்களித்துப் படுத்து இன்னொரு கோடு. குப்புறப் படுத்து மற்றொன்று. அதற்குள் சேலைக்கு மேல் போட்டிருக்கும் காக்கிச் சட்டை முதுகுப் பக்கம் முழுக்க நனைந்துவிடுகிறது.

கோடுகள் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போவதே இல்லை. அந்த உயரத்தில்தான் அவர் வரிசையாகக் கொக்கிகள் அடித்து, சிவப்பு நைலான் கயிற்றை மூன்று சுவர்களிலும் ஓடவிடுகிறார். எந்த மூலையில் விழுந்தாலும் கைக்குக் கயிறு கிடைக்கும். இழுத்தால் வீட்டுக்குள் மணி அடிக்கும். கையை விடும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். கடையில் வாங்குகிற அழைப்பு மணிப் பெட்டிகளில், பொத்தானைத் தோள் உயரத்தில் பொருத்தச் சொல்லிப் படம் போட்டிருக்கிறது. "நிக்க முடிஞ்சா அவங்க ஏன் சார் மணி அடிக்கப் போறாங்க? நடந்து வந்தே சொல்லிட்டுப் போவாங்க" என்கிறார் பூங்குழலி.

நாற்பத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு. செஞ்சியிலிருந்து மொபெட்டில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய காலனியில் வீடு. கணவர் விநாயகம் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நீளமான பைப்புகளை அவர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். மற்றதெல்லாம் மொபெட்டின் முன்பக்கத்தில், அரிசிச் சாக்குக்குள் சுற்றிய டிரில்லிங் மெஷினோடு வரும். முதலில் புதுவீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துத் தரக் கேட்டது ஆறு வருடங்களுக்கு முன்பு. இன்று வயதானவர்கள் தனியாகவோ பகலில் தனியாகவோ இருக்கிற வீடுகள் எங்கே என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்வார். சிங்கவரத்தில் எத்தனை, வல்லத்தில் எத்தனை என்று அவருக்குத் தெரியும். ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரியாது.

தரையைப் பார்க்காமல் அவரால் நடக்க முடியாது. பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டே வருகிறவர் சட்டென்று நின்று, கடை வாசலில் யாரோ ஊற்றிய சோப்புத் தண்ணீரைக் காலால் தேய்த்துப் பார்ப்பார். வங்கி ஒன்றின் வாசற்படிகளுக்கு முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கிரானைட் பதித்திருக்கிறார்கள். அந்தப் படிகளில்தான் மாதாமாதம் முதியோர் ஓய்வூதியம் வாங்க வருகிறவர்கள் ஏற வேண்டும். "கொலகாரப் பசங்க" என்றார் அமைதியாக. அங்கிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். அதைக் கையால் காட்டி, "அதும்மேல வெறகு பொறுக்கப் போன காலு சார். ஏறி எறங்கி ஒண்ணும் ஆவல. வூட்டுல நாலு இன்ச் வாசப்படில ஒடஞ்சிபோவுது" என்றார்.

விழுந்தவர்களைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசும்போது ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: விதி. வயதாகிவிட்டது, நேரம் சரியில்லை, ஏழரை நடக்கிறது. அந்த வீட்டுக் குளியலறை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்க்க ஆள் வந்திருப்பார். அவர் பேச்சைக் கேட்டு நல்ல சுவரை இடித்துக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் வழுக்குமா என்று ஒருவரும் தரையைக் கேட்டிருக்க மாட்டார்கள். பூங்குழலியிடம் விதியைச் சொன்னால் குனிந்து தரையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவார். "விதி இல்ல, டைல்ஸு" என்பார். பிறகு சொரசொரப்பான சிமெண்டுப் பட்டைகளைப் போட ஆரம்பிப்பார்.

வசதியுள்ள பிள்ளைகள் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் புதுப்புதுக் கருவிகள் அனுப்புகிறார்கள். விழுந்தால் தானாகவே போன் போடுகிற கைக்கடிகாரத்தை ஒரு பெரியவர், அட்டைப் பெட்டி கசங்காமல், நிலப் பட்டாவோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். விலை உயர்ந்தது, கட்டிக்கொண்டு குளித்தால் வீணாகிவிடும் என்று பயம். இன்னொரு வீட்டில் மகன் மாட்டிய கேமராவின் மேல் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். கோவணத்தோடு இருக்கிறவனை மருமகள் போனில் பார்ப்பதா என்று அந்தப் பெரியவருக்குக் கோபம். பூங்குழலி இவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவரும் பேட்டரியை நம்புகிறவர் அல்லர். ஒயர் இழுத்து, இன்வெர்ட்டர் லைனில்தான் மணியைக் கொடுப்பார். "பேட்டரி செத்தது யாருக்கும் தெரியாது சார். ஆளு செத்தப்புறம்தான் பேட்டரி செத்ததே தெரியும்."

காலனியில் அவர் வேலை செய்கிற விதமே வேறு. அங்கே வசதியான குளியலறை எத்தனை பேருக்கு இருக்கிறது? தொகுப்பு வீட்டுக்குப் பின்னால் ஆள் திரும்ப இடமில்லாத ஒரு கழிப்பறை. கதவுக்குப் பதில் தகரம். மிஞ்சிய பைப்புத் துண்டுகளை வைத்துக் கைப்பிடி போடுகிறார். பழைய சைக்கிள் டயரை வெட்டித் தரையில் ஆணி அடிக்கிறார். பகலில் எல்லாரும் கூலிக்குப் போய்விடுவதால் மணியைச் சொந்த வீட்டில் மாட்டாமல், ஆள் இருக்கிற பக்கத்து வீட்டில் மாட்டுகிறார். ஒருமுறை ஆடு கயிற்றைக் கடித்து இழுத்து, நான்கு பேர் விழுந்தடித்து ஓடிவந்து ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். சொல்லிவிட்டுப் பூங்குழலி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஊர் ஊராக மணி மாட்டுகிறவர் வீட்டில் மணி கிடையாது. வருகிறவர்கள் கதவைத் தட்ட வேண்டும், அல்லது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முன்பு ஒன்று இருந்தது. கிளி கத்துவது போலச் சத்தம் வரும். இரண்டு வருடங்களுக்கு முன்பு அதைக் கழற்றி எறிந்துவிட்டார். கடைத்தெருவில் எங்காவது மணிச்சத்தம் கேட்டால்கூட, பேசிக்கொண்டிருக்கும் வார்த்தை பாதியில் நின்றுவிடுகிறது. கை தானாக வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. சத்தம் நின்ற பிறகுதான் மீதி வார்த்தை வரும்.

அதற்குக் காரணமான ஊரின் பெயர் வேண்டாம். ரங்கநாதன் என்ற மணிலாக் கடலை விவசாயி, எழுபத்தொன்பது வயது. குளியலறை கொல்லையில், வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. பூங்குழலி வழக்கம்போல் வாசல் பக்கம் போகாமல், சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்குப் போனார். காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வீட்டில் அதுதான் வழி. கைப்பிடி போட்டார், கயிறு ஓட்டினார். மணியை அடுப்பங்கரையில் மாட்ட வேண்டும், அங்கேதான் பகல் முழுக்க ஆள் இருக்கும் என்றார். அங்கே சாமி படம் இருக்கிறது, நீ வர வேண்டாம், மாட்டுக் கொட்டகையில் மாட்டிவிடு, நாங்கள் புழங்குகிற இடம்தானே என்று வீட்டுக்காரம்மாள் சொன்னார். மாட்டுக் கொட்டகையில் மாட்டினார்.

அடுத்த தையில் மாடுகளை விற்றுவிட்டார்கள். கொட்டகைக்குப் போக யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நல்ல மழையில், ரங்கநாதன் குளியலறையில் விழுந்தார். கயிற்றை இழுத்தார். வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்; டிவி ஓடிக்கொண்டிருந்தது; தகரத்தின் மேல் மழை. மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் பார்த்தார்கள். கயிற்றை மணிக்கட்டில் நான்கைந்து சுற்றுச் சுற்றியிருந்தார். விரல்களில் தெம்பு போன பிறகு கையின் கனத்தால் இழுத்திருக்கிறார். கயிற்றை அறுத்துத்தான் அவரைத் தூக்க முடிந்தது. அதன்பின் ஒன்பது நாள் இருந்தார்.

மணி வேலை செய்யவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். செய்தி செஞ்சிவரை வந்தது. பூங்குழலி மறுபடியும் அந்தச் சந்து வழியாகவே போய், அறுந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி அடித்த அடியில் காலிக் கொட்டகைக்குள் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின.   பூங்குழலி தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு, அவள் கை ராசியில்லாத கை, அவள் கம்பி மாட்டினால் ஆள் போய்விடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எட்டு மாதம் அவருக்குப் போன் வரவில்லை.

மூன்றரை மணி நேரம் மணி ஒழுங்காக அடித்திருக்கிறது. ஒரு மனுஷியின் கால் பட்டால் தீட்டாகிவிடும் என்று பாதுகாக்கப்பட்ட அந்தச் சாமி அடுப்பங்கரையிலேயே இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கிழவரின் குளியலறையில் கைப்பிடி மாட்டலாம் என்ற கை, மணி மாட்ட மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது. இதை நம்பிக்கை என்றும் பழக்கம் என்றும் சொல்கிறவர்கள், ரங்கநாதனின் மணிக்கட்டுத் தழும்புக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் இப்படிக் கொதிக்கும்போது பூங்குழலி ஸ்குரூக்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் யார்மேலும் பழி போடவில்லை. "நான் மாட்டமாட்டேன்னு சொல்லியிருக்கணும் சார். கொட்டாய்ல மாட்டுனா கேக்காதுன்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. ஊர்க்காரங்க கிட்ட எதுத்துப் பேசிட்டா, நாளைக்கு எவன் எனக்கு வேல குடுப்பான்? பயந்துட்டன்" என்றார். கடைசி ஸ்குரூவையும் பிரித்துப் போட்டுவிட்டு, "இப்பவும் பயமாத்தான் இருக்குது. இப்ப வேற பயம்" என்றார்.

அந்த வேறு பயம் அவருக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வேலை முடிந்ததும் குளியலறைத் தரையில் படுத்துக் கயிற்றை இழுப்பார். வீட்டு ஆள் ஒருவர் கதவுவரை வந்து அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கும்வரை எழுந்திருக்க மாட்டார். படுத்தபடியே மனத்துக்குள் எண்ணுவார். நூறைத் தாண்டினால் மணி இருக்கிற இடம் சரியில்லை, மாற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறார்கள். ஒரு வீட்டில் சீரியலில் விளம்பரம் வந்த பிறகு வந்தார்கள். அன்றைக்கு முந்நூற்றுப் பத்து.

போன வாரம் அவரோடு விருத்தாம்பாள் வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபத்தேழு வயது. பொங்கலுக்குப் பிறகு இரண்டு முறை விழுந்துவிட்டார். மூன்றாவது முறை விழுந்தால் எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகன் தனசேகரன்தான் பூங்குழலிக்குப் போன் செய்தவர். சுற்றுவட்டத்தில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. இங்கேயும் குளியலறை கொல்லையில்தான். இங்கேயும் சந்து வழிதான். இடுப்பில் பட்டை கட்டிய விருத்தாம்பாள் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பூங்குழலி தரையில் படுத்து எழுவதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வுயிந்தப்ப அப்டியேதான் கெடந்தேன் பொண்ணே. கை மட்டும் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று திருத்தினார். பூங்குழலி கையை நகர்த்தி அங்கேயும் ஒரு கோடு போட்டார்.

கைப்பிடிகள் முடிந்தன. கயிறு ஓடிற்று. மணி பாக்கி. தனசேகரன் கொல்லைத் தாழ்வாரத்தைக் காட்டினார். அங்கே சைக்கிளும் உர மூட்டைகளும் இருந்தன.

பூங்குழலி சுவரைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார்.  தலை நிமிராமல், "அடுப்பங்கரையில மாட்டுனாத்தான்ணா மாட்டுவன். இல்லன்னா கைப்பிடியோட நிறுத்திக்குறன்" என்றார்.

"இன்னாமா நீ, புதுசா பேசற? இங்க மாட்டுனா அடிக்காதா?"

"அடிக்கும்ணா. கேக்காது."

தனசேகரனின் மனைவி வளர்மதி கதவருகே வந்து நின்றார். உள்ளே சாமி அலமாரி இருக்கிறது, தனக்கு ஒன்றும் இல்லை, மாமியாருக்குத்தான் பிடிக்காது என்றார்.

நாற்காலியிலிருந்து விருத்தாம்பாளின் குரல் வந்தது. "எனக்குப் புடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

 எங்கோ கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பூங்குழலி டிரில்லிங் மெஷினைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். மெதுவாகச் சுற்றினார். போவதற்கும் அவருக்குப் பயம். அன்று இரவோ மறுநாளோ அந்த அம்மாள் மணியே இல்லாத அறையில் விழுந்தால் அதுவும் தன் கணக்கில்தான் சேரும் என்று அவருக்குத் தெரியும். மாட்டிவிட்டுப் போகவும் பயம். இரண்டு பயங்களுக்கு நடுவில் ஒரு மெஷினைச் சாக்கில் சுற்ற எவ்வளவு நேரம் ஆக முடியுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று.

தனசேகரனே முடிவு சொன்னார். ஒயரைச் சுவரில் துளை போட்டு உள்ளே விட்டுக் கொடு, மணியை நானே உள்ளே மாட்டிக்கொள்கிறேன் என்றார். அவருக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

பூங்குழலி கொல்லைப் பக்கமிருந்து துளை போட்டு ஒயரை நுழைத்தார். பிறகு அடுப்பங்கரை ஜன்னலுக்கு வெளியே, ஒரு காலியான உர டப்பாவின் மேல் ஏறி நின்று, கம்பிகளுக்கு இடையே பார்த்துப் பாடம் சொன்னார். பதினைந்து நிமிட வேலை. ஸ்குரூடிரைவர் பிடித்தறியாத தனசேகரனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை ஸ்குரூ கைதவறி அரிசிப் பானைக்குள் விழுந்தது. ஒயரை முறுக்காமலே நுழைத்தார். கழற்றி மறுபடி முறுக்கச் சொன்னார் பூங்குழலி. ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற கை வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மணி கடைசியில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு தோள் இறங்கின மாதிரி கோணலாகத் தொங்கிற்று.

"சோதன பண்ணிடலாம்ணா" என்றார் பூங்குழலி. தன் விதியையும் சொன்னார். நான் கயிற்றை இழுப்பேன், யாராவது ஒருவர் வந்து கதவில் நின்று பார்க்க வேண்டும், அப்போதுதான் எழுந்திருப்பேன். தனசேகரன் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பூங்குழலி என்னைப் பார்த்து, "நீங்க வராதீங்க சார். நீங்க வூட்டு ஆளு கெடையாது" என்றார். நான் விருத்தாம்பாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. பூங்குழலி ஒருக்களித்துப் படுத்து, இடது கையை மடக்கிக்கொண்டு, சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அடுப்பங்கரையில் மணி அடித்தது. கொல்லைவரை தெளிவாகக் கேட்டது.

உள்ளேயிருந்து வளர்மதியின் குரல் வந்தது. "கேக்குது, கேக்குது. நல்லாத்தான் அடிக்குது."

பூங்குழலி கையை விடவில்லை. அவர் உதடுகள் அசைவது தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள்.

"அதான் கேக்குதே. போதும், எழுந்து வா." இது தனசேகரன். குரல் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது.

விருத்தாம்பாள் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டு எழப் பார்த்தார். இடுப்புப் பட்டை தடுத்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டார். குளியலறைப் பக்கம் பார்த்து, கெஞ்சுகிற மாதிரி, "எழுந்திரு பொண்ணே. தர ஈரமா கெடக்குது" என்றார்.

பூங்குழலியின் பார்வை திறந்திருந்த கதவை விட்டு நகரவில்லை. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று. மறுபடி இழுத்தார்.